பற்றரி ஏன் பதில் சொல்லவில்லை?

(யாழ்ப்பாணத்தில் வாகனத் திருத்துநர்களும் தொழில்நுட்ப மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு ஹைபிரிட் கார் கராஜுக்கு வருகிறது. மீற்றரில் சிவப்பு முக்கோணம் எரிகிறது, 'ரெடி' விளக்கு எரிய மறுக்கிறது. ஸ்கானரைச் செருகினால் யு0111 என்று ஒரு கோட். பற்றரிக் கட்டுப்பாட்டுக் கணினியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் விளக்கம். விளக்கத்தில் 'பற்றரி' என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, அது போதும். "பற்றரி முடிஞ்சுது ஐயா, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லிவிடுகிறோம். வாகனக்காரர் அன்றைக்கே காசுக்கு அலையத் தொடங்குகிறார்.

அந்த கோட் பற்றரியின் நலத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படி, அப்படியென்றால் எங்கே தேடுவது என்பதைத்தான் மீதி நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

எங்கள் வீதிகளில் ஓடும் பிரியஸ், அக்குவா, லீஃப் போன்றவற்றில் பெரும்பங்கு ஜப்பானில் பாவித்த பிறகு இங்கே வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினோம். அதனால் வயதான ஹைபிரிட் எப்படி நோயாகும் என்பதில் எங்கள் திருத்துநர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவம் பெரும்பாலும் செல்களைப் பற்றியது. எந்த மொடியூல் இறங்கிவிட்டது, எதை மாற்றலாம் என்பதெல்லாம் கை பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதை பழுதானால்தான் தடுமாற்றம்.

இரண்டாம் தலைமுறைப் பிரியஸை வைத்தே பேசுவோம். 2003இல் வெளிவந்தது, இங்கே இருக்கும் பலரின் கை பட்டது. பின் இருக்கைக்குப் பின்னால் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரி. 28 மொடியூல், மொடியூலுக்கு 6 செல், செல்லுக்கு 1.2 வோல்ற், ஆக மொத்தம் 201.6 வோல்ற். இந்தப் பெட்டியின் ஓரத்தில் பற்றரி ஈசியு, அதாவது பற்றரிக் கட்டுப்பாட்டுக் கணினி, இருக்கிறது. மொடியூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளின் வோல்ற்றை அது பார்க்கிறது. உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை அளக்கிறது. சூட்டைப் பார்க்கிறது. அத்தனையையும் ஹைபிரிட் ஈசியுவுக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பிரதான ரிலேக்களை மூடுவதா திறப்பதா என்று முடிவெடுப்பது ஹைபிரிட் ஈசியு.

அறிவிப்பு நின்றுபோனால் ஹைபிரிட் ஈசியு என்ன செய்யும்? 200 வோல்ற் பற்றரி ஒன்று பின்னால் இருக்கிறது. அது எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று தெரியாது. தெரியாத நிலையில் அதைப் பாவிக்கக் கூடாது என்றுதான் அதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனவே நிறுத்திவிடுகிறது. 14 தொகுதியும் ஒரே அளவில் நிற்கும் நல்ல பற்றரியாக இருந்தாலும் வாகனம் நகராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல நடக்காத கணினி நல்ல கணினி. நாங்களும் அதன்படி நடந்தால் பல பற்றரிகள் தப்பும்.

இந்தப் பேச்சு நடக்கும் பாதையின் பெயர் கேன். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்கி, 1986 பெப்ரவரியில் டெற்றொயிற் நகரில் வாகனப் பொறியியலாளர் மாநாட்டில் அறிமுகம் செய்தது. 1991இல் வந்த மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் கார்கள் இதைக் கொண்டிருந்தன. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற சர்வதேசத் தரமானது. ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய இரண்டு வயர், அவ்வளவுதான். ஒன்று ஹை, மற்றது லோ. எல்லா ஈசியுக்களும் இந்தச் சோடியில்தான் தொங்குகின்றன. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால், சிறிய எண் கொண்ட செய்தி முந்திக்கொள்ளும், மற்றது காத்திருந்து பிறகு போகும்.

ஒரு விடயத்தை இங்கே நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கேன் செய்தியில் அனுப்புபவர் விலாசமும் இல்லை, பெறுபவர் விலாசமும் இல்லை. செய்திக்கு ஓர் எண் மட்டும் உண்டு. 'இந்த எண் வந்தால் பற்றரியின் நிலை' என்று கேட்பவருக்குத் தெரியும். யார் வலையில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்துக் கணக்கு வைக்க அங்கே ஒருவரும் கிடையாது. அப்படியென்றால் 'தொடர்பு அறுந்தது' என்று எப்படித் தெரிகிறது? வரவேண்டிய எண் குறித்த நேரத்துக்குள் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கோட் எழுதி வைக்கிறார். யு0111ஐ எழுதியது பற்றரி ஈசியு அல்ல, அதைக் காணாமல் தவித்த இன்னொரு ஈசியு.

அடுத்த வீட்டுக்காரரை இரண்டு நாளாகக் காணவில்லை என்று ஒருவர் வந்து உங்களிடம் சொல்கிறார் என்று வையுங்கள். உடனே பறைக்கும் பந்தலுக்கும் சொல்லிவிடுவீர்களா? அவர் கொழும்புக்குப் போயிருக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கலாம். வெள்ளத்தில் ஒழுங்கை அடைபட்டிருக்கலாம். முறைப்பாடு சொல்பவரே தன் வீட்டு யன்னலைப் பூட்டி வைத்திருக்கலாம். யு0111க்கும் இத்தனை காரணங்கள் உண்டு. பற்றரி ஈசியுவுக்கு மின் போகவில்லை. மின் போகிறது, ஏர்த் இல்லை. இரண்டும் உண்டு, பாதை அறுந்திருக்கிறது. பாதை நன்றாக இருக்கிறது, வேறொருவர் குழப்புகிறார். எல்லாம் நன்றாக இருக்கிறது, கேட்பவருக்குத்தான் பழுது. இவை அத்தனையையும் தாண்டிய பிறகுதான் பற்றரி ஈசியு பழுது என்ற நிலை. பற்றரியின் செல்கள் இந்த வரிசையிலேயே இல்லை.

மின் என்றவுடன் எல்லோரும் பெரிய பற்றரியை நினைக்கிறோம். ஈசியுக்கள் எல்லாவற்றுக்கும் சாப்பாடு போடுவது சின்ன 12 வோல்ற் பற்றரி. ஹைபிரிட்டில் இந்த 12 வோல்ற் பற்றரி ஒரு விதத்தில் மிகவும் மோசமான ஆள், ஏனென்றால் அது முனகாமல் சாகும். சாதாரணப் பெற்றோல் காரில் பற்றரி இறங்கத் தொடங்கினால் காலையில் ஸ்ராட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நாங்கள் விளங்கிக்கொள்வோம். பிரியஸில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பற்றரி. சின்னதுக்கு இருக்கும் வேலை கணினிகளை எழுப்புவதும் ரிலேக்களை மூடுவதும்தான். அதற்கு வேண்டிய மின்னோட்டம் குறைவு, ஆகவே அரைகுறை பற்றரியும் பல மாதம் சமாளித்துவிடும். ஒரு நாள் எழுப்பும் நேரத்தில் வோல்ற் சரிகிறது. சில ஈசியுக்கள் எழும்பிவிட்டன, சில எழும்பவில்லை. எழும்பினவை எழும்பாதவற்றைக் காணவில்லை என்று கோட் எழுதுகின்றன. ஸ்கானரில் பத்துப் பன்னிரண்டு கோட் ஒரேயடியாக வந்து நிற்கும். நிசான் லீஃப் காரர்கள் இந்தக் காட்சியை நன்றாக அறிவார்கள். 12 வோல்ற் பற்றரி பலவீனப்பட்டால் யு1000 வகைக் கோட்கள் வரிசையாக வரும். வாகனத்தின் அடியில் 24 கிலோவாட் மணி பற்றரி நிறைந்து கிடக்கும், முன்னால் இருக்கும் ஒரு சின்ன ஈயப் பற்றரியால் எல்லாம் ஊமையாகிவிடும்.

அதனால் கோட் எதுவானாலும் முதல் அளவை 12 வோல்ற் பற்றரியில்தான் எடுக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ற் என்றால் நிறைந்த பற்றரி. 12 வோல்ற் என்று காட்டினால் அது ஏறக்குறைய வெறுமை. பன்னிரண்டு காட்டுகிறதே, பெயரும் பன்னிரண்டுதானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஓய்வு அளவையும் நம்பி நிற்க வேண்டாம். வாகனத்தை எழுப்பும் நொடியில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் நல்ல 12 வோல்ற் பற்றரி ஒன்றைப் பொருத்தி, கோட்களைக் குறித்துக்கொண்டு அழித்து, திரும்ப எது வருகிறது என்று பாருங்கள். பன்னிரண்டில் ஒன்று மட்டும் திரும்ப வந்தால் அந்த ஒன்றோடுதான் உங்களுக்கு வேலை.

அடுத்து ஈசியுவின் பிளக்கில் மின்னும் ஏர்த்தும் வருகிறதா என்று பார்ப்பது. இதில் மல்ரிமீற்றர் ஏமாற்றும். மீற்றர் மின்னோட்டம் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். களிம்பு பிடித்து ஒரே ஒரு நூல் வயர் மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ற் என்று காட்டும். ஈசியு இழுக்கத் தொடங்கினால் அந்த நூலால் கொடுக்க முடியாது. பழைய திருத்துநர்களிடம் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது, நான் இன்றும் அதைத்தான் பாவிக்கிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹார்னஸ் (வயர்க் கட்டு) பக்கத்தில் மின் பின்னுக்கும் ஏர்த் பின்னுக்கும் இடையே சிக்னல் விளக்கின் 21 வாட் பல்பைக் கொடுப்பது. வெளிச்சமாக எரிந்தால் வயர் நல்லது. மங்கினால், அல்லது மீற்றர் அளவு அங்கேயே சரிந்தால், பழுது அந்தப் பாதையில்தான். ஒரு எச்சரிக்கை: அந்தப் பின்னுக்குப் பின்னால் உள்ள பியூஸ் எத்தனை அம்பியர் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கேன் வயரிலோ, சென்சர் வயரிலோ, உயர் வோல்ற் போகும் செம்மஞ்சள் நிற வயர் எதிலுமோ பல்பைக் கொண்டுபோகக் கூடாது.

மின் சரி, ஏர்த் சரி. இனிப் பாதை.

பாதையைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கோட்களைப் படியுங்கள். எந்த ஈசியு யாரைக் காணவில்லை என்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லோரும் பற்றரி ஈசியுவை மட்டும் காணவில்லை என்றால், அதன் மின்னிலோ அதற்குப் போகும் கிளை வயரிலோ அதற்குள்ளேயோ பழுது. ஒருவர் மட்டும் எல்லோரையும் காணவில்லை என்றால், குறை சொல்பவரின் கிளையில் தேட வேண்டும். எல்லோரும் எல்லோரையும் காணவில்லை என்றால் பிரதான வயர், அல்லது 12 வோல்ற், அல்லது யாரோ ஒருவர் வலையைக் குழப்புகிறார். கழற்றாமல், தொடாமல், தாளிலேயே பாதித் தூரம் போய்விடலாம். இதற்கு எல்லா ஈசியுவையும் படிக்கும் ஸ்கானர் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் எஞ்சின் ஈசியுவோடு மட்டும் பேசும். பற்றரி ஈசியுவைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது, அவை பேசவில்லை என்பதற்காக அந்த ஈசியு செத்துவிட்டது என்று முடிவெடுக்கவும் முடியாது.

சரி, மீற்றரைக் கையில் எடுப்போம். ஸ்கானரைச் செருகும் ஓபிடி சொக்கெற்றில் 16 துளை. 6ஆவது கேன் ஹை, 14ஆவது கேன் லோ. வாகனத்தை நிறுத்தி, சாவியை எடுத்து, கதவைத் திறக்காமலும் மூடாமலும் ஒரு நிமிடமாவது விடுங்கள். கணினிகள் தூங்க வேண்டும். பிறகு 6க்கும் 14க்கும் இடையே தடையை அளவிடுங்கள். பிரதான வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் பக்கவாட்டில் சேர்ந்து 60 ஓம் வர வேண்டும். ரொயோட்டாவின் திருத்தநூல் 54 முதல் 69 ஓம் வரை சரி என்கிறது. 120 வந்தால் ஒரு முனை அறுந்துவிட்டது. 60க்கு நன்றாகக் குறைந்து 40 அளவில் வந்தால் எங்கோ மூன்றாவது தடை ஒன்று புகுந்திருக்கிறது. பழைய வாகனத்தில் வேறு மொடலின் ஈசியுவைக் கொண்டுவந்து பூட்டினால் இப்படி நடக்கும். சைபருக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன. வாகனம் ஓடும்போதோ தூங்காமல் இருக்கும்போதோ எடுத்த ஓம் அளவுக்கு ஒரு பெறுமதியும் இல்லை.

முனைத் தடை எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். வலையின் வேகம் செக்கனுக்கு 5 இலட்சம் பிற் என்றால், ஒரு பிற்றுக்குக் கிடைப்பது 2 மைக்ரோ செக்கன். வயரின் முனை வெறுமனே முடிந்தால் அலை அங்கே மோதித் திரும்பி வந்து அடுத்த பிற்றோடு கலக்கும். 120 ஓம் அந்த அலையை விழுங்கிவிடுகிறது.

இந்த 60 ஓம் சோதனையை இப்போது யூரியூப்பில் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். நல்லது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, அதை யாரும் அழுத்திச் சொல்வதாகத் தெரியவில்லை. பல வாகனங்களில் பற்றரி ஈசியு பிரதான வயரின் முனையில் இல்லை, நடுவிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிளையில் இருக்கிறது. அதற்குள் 120 ஓம் தடை இல்லை. அந்தக் கிளையை நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தாலும் ஓபிடி சொக்கெற்றில் அதே அழகான 60 ஓம் வரும். 60 பார்த்தவுடன் "வலை நல்லம், அப்ப ஈசியுதான் பிழை" என்று முடிவு கட்டினால் நல்ல ஈசியுவைக் கழற்றி எறிவீர்கள். 60 ஓம் என்றால் பிரதான வயர் முழுதாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். பற்றரி ஈசியு வரைக்கும் பாதை உண்டா என்று அறிய அந்த ஈசியுவின் பிளக்குக்கே போக வேண்டும். பிளக்கைக் கழற்றி ஹார்னஸ் பக்கத்துப் பின்களில் அளவிடுங்கள். அங்கேயும் 60 வந்தால் கிளை நலம். ஒன்றும் வராவிட்டால் கிளையில் ஹையோ லோவோ அறுந்திருக்கிறது. இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் ஈசியுவைக் குற்றம் சொல்லும் வேலைச் சீட்டை நான் நம்புவதில்லை.

வாகனத்துக்கு வாகனம் வலை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. லீஃபில் ஒரு கேன் அல்ல. வழமையான வலை 6க்கும் 14க்கும் வருகிறது. பற்றரிக் கட்டுப்பாட்டுக் கணினியும் மோட்டார் இன்வேட்டரும் பேசும் இன்னொரு வலை அதே சொக்கெற்றில் 12க்கும் 13க்கும் வருகிறது. 6, 14ஐ மட்டும் அளந்து சரி என்றவர் பற்றரியின் பாதையைத் தொடவே இல்லை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் கதை இன்னொரு மாதிரி. பற்றரியின் அளவுகளை எடுக்கும் பெட்டி கேனில் பேசுவதில்லை, ஹைபிரிட்டைக் கட்டுப்படுத்தும் ஈசியுவுக்கென்று தனி வயர்ச் சோடி ஒன்றில் பேசுகிறது. அங்கே கேனை அளந்து காலம் கழிப்பதில் பயனில்லை. வயர் வரைபடம் இல்லாமல் தொடங்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஜப்பானிய மொழியில் கிடைத்தாலும் பரவாயில்லை, பின் இலக்கமும் வயர் நிறமும் எந்த மொழியிலும் படிக்கலாம்.

தடை சரியாக இருந்தும் பேச்சு இல்லை என்றால் வாகனத்தை எழுப்பி வோல்ற் பாருங்கள். ஒருவரும் பேசாதபோது இரண்டு வயரும் 2.5 வோல்ற்றில் நிற்கும். பேசும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மீற்றர் இதைச் சராசரியாக்கிக் காட்டும். ஹை 2.5ஐ விடக் கொஞ்சம் கூட, லோ கொஞ்சம் குறைய. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வர வேண்டும். இந்தக் கூட்டல் சின்ன விடயம்தான், ஆனால் வேலை செய்யும். கூட்டுத்தொகை 5ஐ விட்டு விலகினால் ஒரு வயர் ஏர்த்திலோ மின்னிலோ எங்கோ உரசுகிறது. இரண்டும் அசையாமல் ஒரே 2.5இல் நின்றால் ஒருவரும் பேசவில்லை, அல்லது இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன.

அதற்கு மேல் அறிய வேண்டுமானால் ஒசிலஸ்கோப் வேண்டும். கராஜுக்கு ஒசிலஸ்கோப்பா என்று சிரித்த காலம் போய்விட்டது. கணினியில் செருகும் சின்னக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஹையும் லோவும் கண்ணாடிப் பிம்பமாக ஏறி இறங்குகிறதா, ஓரங்கள் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்த்தால் மீற்றரால் காணமுடியாத பழுது தெரியும்.

வந்து போகும் பழுதுதான் எல்லோரையும் கொல்வது. காலையில் 'ரெடி' வராது, அணைத்துப் போட்டால் வரும், கராஜுக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளையாக நிற்கும். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கேன் சிப் ஒவ்வொன்றும் தன் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அனுப்பும்போது பிழை நேர்ந்தால் பெரும்பாலும் 8 கூடும். செய்தி சரியாகப் போனால் 1 குறையும். 128ஐத் தொட்டால் அது தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். 255ஐத் தாண்டினால் வலையை விட்டுத் தானாகவே விலகிவிடும். பிழையான ஒருவரால் முழு வலையும் நாசமாகக் கூடாது என்று பொஷ் பொறியியலாளர்கள் செய்த ஏற்பாடு அது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடும்கூட. பிளக்கில் தளர்ந்த ஒரு பின், வீதிப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் பிழை உண்டாக்கினால் எண்ணிக்கை ஏறி ஏறி ஈசியு வாய்மூடிவிடும். சாவியை அணைத்துப் போட்டால் எண்ணிக்கை சைபராகி மீண்டும் பேசும். ஆகவே 'அணைத்துப் போட்டால் சரிவருகிறது' என்று வாகனக்காரர் சொன்னால் அலட்சியப்படுத்த வேண்டாம். மென்பொருள் குழப்பம் என்று நினைப்பதற்கு முன் பிளக்கைப் பிடித்து ஆட்டுங்கள், ஹார்னஸை வளையுங்கள், தண்ணீர் புகுந்த தடயம் உண்டா என்று பாருங்கள். பின் இருக்கைக்குப் பின்னால் பொருந்தியிருக்கும் ஈசியுவுக்கு ஈரம்தான் முதல் எதிரி. கடற்காற்று படும் ஊரில் பின்களில் களிம்பு பிடிக்க அதிக நாள் வேண்டாம். எலியையும் மறக்காதீர்கள். நீண்ட நாள் நிறுத்திவைத்த வாகனத்தில் வயர் அறுந்திருந்தால் நான் முதலில் தேடுவது எலிப் புழுக்கையை.

வெளியிலிருந்து பூட்டிய பொருட்களும் உண்டு. அலாரம், ஒலிபெருக்கிப் பெட்டி, வண்டி எங்கே போகிறது என்று பார்க்கும் கருவி, ஓபிடியில் செருகி மறந்துபோன சின்ன ஸ்கானர். ஒரு வாகனத்தில் இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் கழற்றிவிட்டுத்தான் சோதனை. கேன் வயரைச் சுரண்டி அதில் இன்னொரு வயரை முறுக்கி ரேப் சுற்றியிருப்பதைக் கண்டால் மேலே தேட வேண்டியதில்லை.

திருத்தும்போது ஒன்று. கேன் சோடியின் முறுக்கு அலங்காரத்துக்கு இல்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே அளவில் விழுந்தால்தான் கேட்பவர் அதைக் கழித்துவிட முடியும். ஹைபிரிட்டில் இன்வேட்டரின் இரைச்சல் சாதாரணமானதல்ல. அறுந்த இடத்தை ஒட்டும்போது முறுக்கை முடிந்தவரை முனை வரைக்கும் கொண்டுபோங்கள். இரண்டு ஒட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு பிளக்கிலிருந்து இன்னொரு பிளக்குக்குத் தனி வயர் ஒன்றை இழுத்துச் சமாளிப்பதைத் திருத்தநூல்கள் தடைசெய்கின்றன. அது அன்றைக்கு வேலை செய்யும், பிறகு ஒரு நாள் வேகப்பாதையில் கைவிடும்.

இனி, பேச்சுப் பழுது போலவே தோன்றும் வேறொன்று. பழைய பிரியஸில் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளிலும் வோல்ற் பார்க்கும் மெல்லிய வயர்களின் முனைகளிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். மொடியூலிலிருந்து கசியும் காரத்தின் வேலை. இதனால் பற்றரி ஈசியுவுக்குப் பிழையான வோல்ற் கிடைக்கிறது. அது பி0ஏ80 என்று, பற்றரியை மாற்றச் சொல்லும் கோட்டை எழுதிவிடுகிறது. ஈசியு பேசுகிறது, நன்றாகவே பேசுகிறது, ஆனால் தவறாகக் கேட்டதைப் பேசுகிறது. இங்கே வலையை அளப்பதில் அர்த்தமில்லை. ஸ்கானரில் 14 தொகுதியின் வோல்ற்றையும் பார்த்து, பிறகு நேரில் மொடியூல்களில் மீற்றர் வைத்து ஒப்பிட வேண்டும். ஸ்கானர் ஒன்று சொல்லி மீற்றர் இன்னொன்று சொன்னால் பழுது இடையிலுள்ள வயரில்.

அந்த மெல்லிய வயர்களைப் பற்றி உரத்துச் சொல்ல வேண்டும், இளைய தம்பிமார் கவனியுங்கள். செம்மஞ்சள் தடித்த வயரைக் கண்டால் எல்லோரும் பயப்படுகிறோம். வோல்ற் பார்க்கும் வயர்கள் நூல்போல இருக்கும், பார்க்கப் பயமாக இருக்காது. ஆனால் அந்தப் பிளக்கின் முதல் பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் இடையே முழுப் பற்றரியின் வோல்ற்றும் நிற்கிறது. கேன் பிளக்கும் அதே ஈசியுவில், அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் தெரியாமல் திரும்பப் பூட்டாமல் இருக்க. பத்து நிமிடமாவது பொறுங்கள், இன்வேட்டரின் கப்பாசிற்றர் இறங்க வேண்டும். 1000 வோல்ற்றுக்குத் தரப்படுத்திய கையுறை போடுங்கள், போடுவதற்கு முன் காற்று ஊதி ஓட்டை உண்டா என்று பாருங்கள். சேவிஸ் பிளக்கைக் கழற்றினாலும் மொடியூல்களுக்குள் உள்ள வோல்ற் எங்கேயும் போய்விடாது. பி0ஏஏ6, அதாவது உயர் வோல்ற் வாகன உடலில் கசிகிறது என்ற கோட் கூடவே இருந்தால், கேன் தேடலை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் பாருங்கள்.

லிதியம் பற்றரிகளில் இன்னோர் அடுக்குப் பேச்சு உண்டு. லீஃபின் பழைய பற்றரியில் 192 செல், இரண்டிரண்டாகச் சேர்ந்து 96 படி. இப்படிப்பட்ட பற்றரிகளில் ஒவ்வொரு படியின் வோல்ற்றையும் அளக்கும் சிப்கள் வரிசையாக இருக்கும். ஒன்று தன் அளவை அடுத்ததுக்குக் கொடுத்து, அது அதற்கடுத்ததுக்குக் கொடுத்து, கடைசியில் பிரதான கணினியிடம் போய்ச் சேரும். சிப் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயர வோல்ற்றில் இருப்பதால் இடையிலே மின்காப்பு வைத்துத்தான் இந்தப் பேச்சு நடக்கிறது. நடுவில் ஓர் இணைப்பு அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள செல்கள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல்போகும். ஸ்கானரில் ஒரு செல்லின் வோல்ற் மட்டும் கீழே இருந்தால் செல்லைச் சந்தேகியுங்கள். அடுத்தடுத்த செல்கள் ஒரு கூட்டமாகச் சைபரோ பொருத்தமில்லாத அளவோ காட்டினால் செல்கள் ஒன்றாகச் சாகவில்லை, பேச்சு அறுந்திருக்கிறது. புதிதாக வரத் தொடங்கியிருக்கும் மின் வாகனங்கள் பலவற்றிலும் இதே அமைப்புத்தான். கேனின் புதிய வடிவம் ஒரு செய்தியில் 8 பைற்றுக்குப் பதிலாக 64 பைற் வரை கொண்டுபோகிறது, வேகமும் கூட. முனைத் தடைகளும் 60 ஓமும் மாறவில்லை.

இறுதியாக வேலைச் சீட்டு. திருத்திய பிறகு ஒரு ஈசியுவில் மட்டுமல்ல, எல்லா ஈசியுவிலும் கோட்களை அழியுங்கள். முறைப்பாடு எழுதி வைத்தவர்கள் மற்றவர்கள் அல்லவா. வாகனத்தை ஓட்டி, சூடாக்கி, மேடு பள்ளத்தில் விட்டு, திரும்பப் படியுங்கள். என்னென்ன அளந்தீர்கள், என்ன எண் வந்தது என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். "கேன் செக் பண்ணியாச்சு" என்று எழுதுவதில் அடுத்தவருக்குப் பிரயோசனம் இல்லை. '6-14: 61 ஓம், பற்றரி ஈசியு பிளக்கில்: தொடர்பில்லை' என்று எழுதினால் அடுத்தவர் அங்கேயிருந்து தொடங்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளியே முற்றத்தில் ஒரு வாகனம் நிற்கிறது. யு0111 வரும்படி அதில் ஒரு பழுதை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். ஓபிடியில் 60 ஓம் வரும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 12 வோல்ற் பற்றரியும் புதியது. மும்மூன்று பேராகப் பிரிந்து வாருங்கள், மீற்றர்கள் மேசையில் இருக்கின்றன. சேவிஸ் பிளக் என்னுடைய பையில்.